அஞ்சு நாள் தளம்

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கீழே அக்கா, மேலே தங்கை. அப்பா விட்டுப்போன இடத்தில் முதலில் கீழ்வீட்டைக் கட்டியவர் அக்காவின் கணவர். அதன் தலையில் மேல்வீட்டை ஏற்றியவர் தங்கையின் கணவர். இருவருமே கட்டட மேஸ்திரிகள். சகலைகள் இருவரும் ஒரே தொழிலில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தெரு பல வருடமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டு மேஸ்திரிக்கு ஊர் வைத்த பெயர் பொறுமை. தளம் போட்டு மூன்று வாரம் ஆகாமல் அடியில் கொடுத்த முட்டுகளைத் தொட விடமாட்டார். வீட்டுக்காரர் கெஞ்சினாலும், கோபித்துக்கொண்டாலும், சாக்கை நனைத்து நனைத்துத் தளத்தின் மேல் போட்டுக்கொண்டே இருப்பார். "நம்ம அவசரம் கான்கிரீட்டுக்குத் தெரியாதுங்க" என்பார்.

மேல்வீட்டு மேஸ்திரிக்குப் பெயர் அஞ்சு நாள். தளம் போட்ட ஐந்தாம் நாள் காலையில் முட்டுகளைத் தட்டிவிட்டு, தளத்தின் அடியில் பரப்பிய தகடுகளை உரித்து, பலகைகளை வண்டியில் ஏற்றி அடுத்த வேலைக்கு அனுப்பிவிடுவார். பொறுமையின் பலகைகள் ஒரே வீட்டுக்கடியில் காத்துக்கிடக்கும் நேரத்தில், அஞ்சு நாளின் பலகைகள் நாலு வீடு பார்த்துவிடும்.

அக்காவுக்கு இதெல்லாம் காதின் வழியாகத்தான் முதலில் தெரிந்தது. தலைக்கு மேல் நடப்பது முழுக்கக் கேட்கும். புதுக் கட்டில் வந்தால் அதை இழுக்கும் சத்தம். துவைக்கும் மெஷின் வந்தபோது மத்தியானம் முழுக்க ஒரு முனகல். மேலே எதை நகர்த்தினாலும் அது அவள் நெஞ்சின் மேல் நகர்ந்தது. அண்ணாந்து பார்ப்பாள். பிறகு ஒன்றும் இல்லாததுபோல் அரிசி களைவாள்.

பொருளைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தங்கையின் விரல்களைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் ஒன்றாகத்தான் சித்தாள் வேலைக்குப் போனார்கள். சிமெண்ட் இருவர் விரல்களையும் சரிசமமாகத் தின்றது. நுனியில் தோல் வெடித்து, சாம்பார் பட்டால் எரியும். எண்ணெய் சூடுபண்ணி ஒருத்திக்கு மற்றவள் தடவிவிடுவாள். இப்போது தங்கை சட்டி தூக்குவதில்லை. குடை பிடித்து நின்று ஆள் எண்ணுகிறாள். அவள் விரல்நுனிகள் ஆறிவிட்டன. புதுத்தோல் வந்து, குழந்தை விரல்போல வழவழவென்று ஆகிவிட்டன. ஒருநாள் மாடிப்படியில் வைத்து அக்காவுக்கு ஒரு கிண்ணம் குழம்பைக் கொடுத்தபோது அந்த விரல்கள் அக்காவின் கைமேல் பட்டன. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அக்காவுக்கு இறங்கவில்லை.

அந்த வருடம் மழைக்கு முன்னால் தையல்காரர் வீட்டு வேலை நடந்தது. அஸ்திவாரத்திலிருந்து சுவர் வரைக்கும் கட்டியவர் பொறுமை. தளம் போட வேண்டியதுதான் பாக்கி. ஒருநாள் காலை தையல்காரர் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அதிலேயே அக்காவுக்குப் புரிந்துபோயிற்று.

"மேஸ்திரி, தப்பா நினைக்கக் கூடாது. வாடகை வீட்டை இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மழையும் வரப்போகுது. நீங்க மூணு வாரம்ங்கறீங்க."

"ஆமா. மூணு வாரம்தான்."

"உங்க சகலை அஞ்சு நாள்ல எடுத்துத் தரேன்ங்கறாரு. தளம் மட்டும் அவருக்கு விட்டுடலாம்னு."

பொறுமை தலையாட்டினார். "சரிங்க. சுவர் நல்லா நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

தையல்காரர் போனபிறகு அக்கா சோற்றைத் தட்டில் போட்டாள். போட்ட வேகத்தில் பாதி வெளியில் விழுந்தது.

"சுவர் நிக்குமாம். நாம கட்டின சுவர் மேல அவன் வந்து தொப்பி வைப்பான். நீங்க தலையாட்டுவீங்க."

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"அவனுக்கு மட்டும் எப்படி அஞ்சு நாள்ல இறுகுது? அதே சிமெண்ட், அதே ஜல்லிதானே?"

அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். "ஒரு வெள்ளைத்தூள் இருக்கு. தண்ணியில கலந்து விடுவான். உப்பு மாதிரி, உப்புக்குத் தம்பின்னு வச்சுக்கோ. கலவை சூடேறி வெடுக்குனு பிடிச்சுக்கும். முன்னாடி சிமெண்ட் கல் அறுக்கிற பட்டறையில இருந்தான்ல, அங்க கத்துக்கிட்டது. கல்லுக்கு அது நல்லது. கல்லுக்குள்ள கம்பி இல்ல."

"தளத்துல இருக்கே."

"இருக்கு. அதுதான் விஷயம். நான் ஒரு பழைய தண்ணித் தொட்டியை இடிக்கப் போயிருந்தேன், நீ வர்றதுக்கு முன்னாடி. அதுலயும் அந்தத் தூளைப் போட்டுத்தான் கட்டியிருந்தாங்க. உடைச்சா விரல் மொத்தம் இருக்கவேண்டிய கம்பி ஈர்க்குச்சி மாதிரி இருக்குது. சுத்தியும் செம்மண்ணா துரு. துரு ஏறின கம்பி உப்பும். உப்பினா கான்கிரீட்டைத் தள்ளிவிட்டுரும். உடனே தெரியாது. ஏழு வருஷம், பத்து வருஷம் ஆகும்."

"இதை வாயைத் திறந்து தையல்காரர்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா என்ன சொல்லுவாங்க? வேலை போன வயித்தெரிச்சல்ல பேசறான்னுவாங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது முழுப் பொய்யும் இல்லியே" என்றார்.

தளம் போடும் நாள் காலையில் தங்கை கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, ரெண்டு சித்தாள் வரல. இன்னிக்கு ஒருநாள் வர்றியா? வெளியாள் யாரையாவது கூப்பிடறதைவிட நீ வந்தா நல்லாருக்கும்."

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் அவர் கருவிகளைத் துடைப்பார். "போகணும்னு தோணினா போ" என்றார்.

போனாள்.

கலவை மெஷின் தையல்காரர் வீட்டு முன்னால் வயிறு பெருத்து உருண்டுகொண்டிருந்தது. ஜல்லிச்சட்டிகளும் மணல்சட்டிகளும் கைமாறிக் கைமாறி அதன் வாய்க்குப் போயின. கலவை சாரத்தில் நின்ற ஆட்கள் வழியாக மேலே ஏறியது. அக்காவைத் தண்ணீர் டிரம்மில் நிறுத்தினார்கள். மெஷின்காரர் கைகாட்டும்போது வாளியில் மொண்டு ஊற்ற வேண்டும். டிரம்முக்கு டிரம் தங்கையே வெள்ளைத்தூள் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிக் கழியால் கலக்கினாள். கலக்கும்போது தண்ணீர் வெதுவெதுப்பானது. அக்கா கையை விட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வெயில் ஏற ஏற வேலை சூடு பிடித்தது. சட்டியின் சத்தமும் மெஷினின் சத்தமும்தான். அக்காவுக்கு அந்த வேலை பிடிக்கும். தளம் போடும் நாளில் நிறுத்தக் கூடாது, பாதியில் விடக் கூடாது, எல்லாரும் ஒரே ஆளாக ஆகிவிடுவார்கள். மதியம் நெருங்கும்வரை அவள் எதையும் நினைக்கவில்லை.

தையல்காரர் பார்க்க வந்தார். அக்காவைக் கண்டதும் தடுமாறினார். "நீங்களா?" என்றார்.

தங்கை குடைக்கடியில் இருந்து சொன்னாள். "எங்க அக்காதாங்க. மாமாவுக்கு இப்ப வேலை கம்மி. அதான் நம்மளோட இருக்கட்டுமேன்னு கூப்பிட்டுக்கிட்டேன்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் அக்கா திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்புக்கு என்ன பதில் சொல்வது? மெஷின்காரர் கைகாட்டினார். அவள் மொண்டு ஊற்றினாள்.

கடைசி டிரம் நிரம்பியது. சமையலறைக்கு மேல் வரும் மூலை மட்டும் மிச்சம். டீ போடும் அடுப்பு பக்கத்திலேயே இருந்தது. சர்க்கரைப் பொட்டலம் வாய் திறந்து கிடந்தது. மெஷின் பாதி வேலையில் பழுதாகி நின்றால், உள்ளே கிடக்கும் கலவை கல்லாகிவிடாமல் இருக்க மெஷின்காரர்கள் சர்க்கரையை அள்ளிப் போடுவதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். சர்க்கரை பட்டால் சிமெண்ட் மறதி பிடித்ததுபோல் ஆகிவிடும், இறுகவேண்டும் என்பதே அதற்கு நினைவிருக்காது.

தங்கை டம்ளர்களை எடுக்கத் திரும்பினாள். அக்கா பொட்டலத்தை டிரம்மில் கவிழ்த்தாள். ஒரு கிலோ இருக்கும். கழியால் கலக்கினாள். 

ஊரே பார்த்துச் சிரிக்க வேண்டும், அஞ்சு நாளின் தளம் ஐம்பது நாளானாலும் களிமண்ணாகக் கிடக்க வேண்டும், உடைத்து மறுபடி போட வேண்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது. அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை.

மறுநாள் அஞ்சு நாள் தளம் காயாமலிருக்க அதன் மேல் தண்ணீர் கட்டப் போனபோது அந்த மூலையில் அவர் கால் பதிந்தது. வெளியே சொன்னால் பேர் கெட்டுப்போகும் என்று, தூளைக் கெட்டியாகக் கரைத்து மேலே ஊற்றி, சிமெண்ட் பால் அடித்து விட்டார். இரண்டு நாளில் மேல்பரப்பு இறுகிவிட்டது. தங்கை படியில் நின்று இதைத் தானாகவே சொன்னாள். "அந்த மூலை கொஞ்சம் அடம் பிடிச்சுச்சு, அக்கா. எங்க வீட்டுக்காரரு விடுவாரா? சரி பண்ணிட்டாரு."

அக்கா அன்று மாலை அந்த வழியாகப் போய் ஏணியில் ஏறிப் பார்த்தாள். விரலால் கீறினாள். கீறல் விழவில்லை. அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம். சர்க்கரைகூட அவனைத் தோற்கடிக்க மாட்டேன் என்கிறதே என்று இருந்தது.

ஐந்தாம் நாள் காலை தங்கை படியிறங்கும் சத்தம் கேட்டது. பழைய புடவையை ஏற்றிச் செருகி, தலையில் துண்டு கட்டியிருந்தாள். கையில் ஆணி பிடுங்கும் குறடு.

"எங்கடி இந்தக் கோலத்துல?"

"தகடு உரிக்கிற ஆளுங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. அவரு முட்டு தட்டத் தட்ட நான் அடியில நின்னு தகடு வாங்கணும். பழக்கம் விட்டுப்போச்சு, இடுப்பு பிடிச்சுக்கும்னு நினைக்கிறேன்." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அக்கா உள்ளே வந்தாள். பொறுமை ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மேல இறுகி, உள்ள இறுகாம இருக்குமா?"

"எது?"

"தளம்."

"சில சமயம் இருக்கும். ஏன்?"

"நான் சர்க்கரையைப் போட்டுட்டேங்க. கடைசி டிரம்முல. சமையல் ரூம் மேல."

அவர் கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். எழுந்து சைக்கிளை எடுத்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவருடைய முதுகு மட்டுமே தெரிந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்துப் பக்கத்து முட்டுகள் பாதி விழுந்திருந்தன. அஞ்சு நாள் கையில் சுத்தியலோடு சமையலறை வாசலில் நின்றார், பக்கத்தில் தையல்காரரும் வண்டியில் பலகை ஏற்ற வந்த ஆட்களும். தங்கை உள்ளே, தளத்துக்கடியில், கையை மேலே நீட்டிக்கொண்டு.

"சகலை, நிறுத்து. அந்த முட்டைத் தட்டாத."

"ஏண்ணே?"

"மூணு வாரம் விடு. இந்த மூலையை மட்டுமாவது விடு."

அஞ்சு நாள் தையல்காரரைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? எங்கண்ணனுக்குப் பொறுமைன்னு பேரு வச்சாங்க. அதுல ஒரு எழுத்து மாறிப்போச்சு. இப்ப பொறாமை."

ஆட்கள் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்தார். பொறுமை முகம் கறுத்து நின்றார். மனைவி செய்ததைத் தன் வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. அஞ்சு நாள் சுத்தியலை ஓங்கினார்.

"தம்பி, அவருக்கு இல்ல. எனக்குத்தான்" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் தண்ணியில சர்க்கரை கலந்தேன். கடைசி டிரம்முல. டீக்கு வச்சிருந்த சர்க்கரை. நீ வெளிய வாடி. அதுக்கடியில நிக்காத."

தங்கை நீட்டிய கையை இறக்காமல் அக்காவையே பார்த்தாள். பிறகு மெதுவாக நடந்து வெளியே வந்தாள். அக்காவைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

பொறுமை கடப்பாரையோடு ஏணியில் ஏறினார். அந்த மூலையில் இரண்டு குத்துக் குத்தினார். மேலே ஓடு உடைவதுபோல் ஒரு சத்தம். மூன்றாவது குத்துக்குக் கடப்பாரை சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, அடித்தகட்டில் போய் டங்கென்று இடித்தது. கீழே நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது.

மூலையை உடைத்து எடுத்து, கம்பியைக் கழுவி, பொறுமையே தன் கையால் மறுபடி போட்டுக் கொடுத்தார். அப்போது அவர் வெள்ளைத்தூளைப் பற்றியும் சொல்லிப் பார்த்தார். கம்பியைத் தின்றுவிடும், மிச்சத் தளத்தையும் கவனிக்க வேண்டும் என்றார். யார் கேட்பார்கள்? சர்க்கரை போட்டவள் புருஷன் தூளைப் பற்றிப் பேசுகிறான் என்றார்கள். அஞ்சு நாளுக்கு ஒரு குறையும் வரவில்லை. பாவம், கூட இருந்தே குழி பறித்துவிட்டார்கள் என்று ஊர் அவருக்கு இன்னும் நாலு வேலை கொடுத்தது.

அக்காவுக்குச் சர்க்கரை என்று பெயர் விழுந்தது. கடைக்குப் போனால் "இன்னிக்கு எத்தனை கிலோ?" என்று கேட்பார்கள். பொறுமை அவளைத் திட்டவே இல்லை. அவள்தான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஒரு அறை அறைஞ்சுட்டாவது போங்களேன்" என்றாள்.

"எனக்கும்தான் பொறாமை இருந்துச்சு" என்றார் அவர். "தூளு கெடுதல்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். போடட்டும், ஒருநாள் அவன் போட்டதெல்லாம் கொட்டும்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை. நீ கையை நீட்டின, நான் வாயை மூடினேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

மூன்று வருடம் அக்காளும் தங்கையும் பேசவில்லை. படியில் எதிர்ப்பட்டால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், மற்றவள் செருப்பைப் பார்ப்பாள். மேலே சத்தங்கள் மட்டும் கேட்டன. புதுப் பாத்திரம் உருளும் சத்தம், விருந்தாளிகளின் சிரிப்பு. அக்காவின் காது பழையபடியே எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தது. தன்னையே வெறுத்தாள். எண்ணுவது நிற்கவில்லை.

விடாமல் மழை பெய்த ஒரு மத்தியானம் மேலே வேறு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கனமாக எதுவோ விழுந்த சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அக்கா படியடியில் போய் நின்றாள். போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருக்கும்போதே தங்கை இறங்கி வந்தாள். தலையில் சுண்ணாம்புத்தூள். முந்தானையில் ஒரு கான்கிரீட் துண்டு, தட்டு அகலத்துக்கு. அதன் ஒரு பக்கம் முழுக்கச் செம்பழுப்பாகத் துரு அப்பியிருந்தது.

"அடுப்பு மேல விழுந்துச்சு. நான் தண்ணி மொள்ளத் திரும்பினேன், இல்லாட்டி" என்றாள். மூன்று வருடத்தில் முதல் பேச்சு அது.

"உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

தங்கை துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவரு சொல்றாரு, இதுலயும் உங்கக்கா ஏதாவது போட்டிருப்பான்னு."

"நான் போடல."

"தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க கூரைத் தளம் போட்ட அன்னிக்கு நீ மேல சட்டி வாங்கிக்கிட்டு இருந்த. தண்ணிப் பக்கமே வரல. தூளைப் பிரிச்சுக் கொட்டினதெல்லாம் நான்தான்." அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆனா நீதான்னு சொல்லிடுக்கா. நீயா இருந்தா இந்த ஒரு வீட்டோட போயிடும். தூளுன்னா எத்தனை வீடு இருக்குன்னு எண்ணிப் பாரு."

அக்கா நின்றபடியே இருந்தாள். அவள் நெஞ்சுக்குள் முதலில் எழுந்தது ஒரு குதூகலம். கடைசியில் விழுந்ததா, கடைசியில் வெளியே வந்ததா என்று. அதை அவள் தெளிவாகவே உணர்ந்தாள். உடனே தங்கையின் தலையில் இருந்த சுண்ணாம்பு கண்ணில் பட்டது. உட்கார்ந்து, அதைத் தட்டிவிட ஆரம்பித்தாள்.

"ஆமான்னு சொல்றதுக்கு எனக்கு என்னடி, பேரு ஏற்கெனவே கெட்டதுதான். ஆனா அந்த வீடுகள்லயும் அடுப்பு இருக்கும். எல்லாரும் தண்ணி மொள்ளத் திரும்ப மாட்டாங்க."

தங்கை அழவில்லை. அக்காவின் கையைத் தலையில் ஊர விட்டபடி, துண்டை மறுபடி முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

பொறுமை சுத்தியலோடு மேலே போனார். மேல்கூரை முழுக்கத் தட்டிப் பார்த்தார். சில இடம் கணீரென்றது. சில இடம் காலிப் பானைபோல் ஒலித்தது. அஞ்சு நாள் கட்டிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "அந்தப் பட்டறையில யாருமே சொல்லலண்ணே" என்றார். "நான் சொல்லியிருக்கணும். முதல் தூள் வாங்கின அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார் பொறுமை. பிறகு, "எழுந்து வந்து இந்த முட்டைப் பிடி" என்றார். இருவரும் சேர்ந்து கூரைக்கு முட்டுக் கொடுத்தார்கள். எடுத்தே பழகியவருக்கு, போட்ட தளத்துக்கு மறுபடி முட்டு நிறுத்தக் கை பழகவில்லை. பொறுமைதான் ஆப்பு அடித்து இறுக்கினார்.

அன்று மாலையே மழை விட்டதும் அக்காவும் தங்கையும் கிளம்பினார்கள். முதலில் தையல்காரர் வீடு. கதவைத் திறந்தவர் அக்காவைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். தங்கையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரே ஒரு நாற்காலி. தங்கைக்கு.

தங்கை உட்காரவில்லை. துண்டை முந்தானையிலிருந்து எடுத்து அவருடைய தையல்மேசையில் வைத்தாள்.

"இது என் வீட்டுக் கூரை. என் வீட்டுக்காரரு போட்டது. இதே தூளைத்தான் உங்க வீட்டுக்கும் போட்டோம். கொட்டினது நான். இதுல எங்கக்கா மேல ஒரு தப்பும் இல்ல, அவ போட்டதை அவளே அன்னிக்குச் சொல்லிட்டா. கூரையைத் தட்டிப் பாக்கணும், உடனே பாக்கணும். மாமா வருவாரு. அவரு சொல்றபடி கேளுங்க."

சொல்லி முடிக்கும்வரை அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. தையல்காரர் அண்ணாந்து தன் கூரையைப் பார்த்தார்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் தான் சொன்னதும் உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல ஐந்து நாள் பிடித்தது. தங்கை, துண்டு விழுந்த அன்றைக்கே வந்து சொல்லிவிட்டாள். இப்படிச் சொல்லத் தனக்கு வரவில்லையே என்று அப்போதும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

"அடுத்தது யாரு வீடு?" என்று கேட்டாள்.

தூள் போட்ட வீடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே தங்கை முன்னால் நடந்தாள்.